கோயம்புத்தூர் சொந்தக்காரர்கள்

வாசலில் பெட்டியோடு நிற்கிறவர்களை யாரென்று என் மூன்று வயது மகளுக்குச் சொல்லிக் கொடுப்பது? விருந்தாளி என்றா, தெரியாதவர் என்றா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

கடியப்பட்டணத்தில் எங்கள் பக்கத்து வீட்டில் முன்பு ஒரு அக்கா இருந்தார். நான் குளிக்கப் போகும்போது குழந்தையை மதில் வழியாக அவர் கையில் கொடுத்துவிடுவேன். அவர் குடும்பத்தோடு குவைத்துக்குப் போனதும், கடல் பார்க்க வருகிறவர்களுக்கு வீட்டை நாள் வாடகைக்கு விட்டார்கள். வாராவாரம் புது முகம், புதுக் கார், உரக்கப் பாட்டு. மகளுக்கு மட்டும் அது இன்னும் அக்கா வீடுதான். மதிலோரம் போய், யார் இருந்தாலும் தூக்கச் சொல்லிக் கையை நீட்டுவாள். நான் ஓடிப்போய்த் தூக்கி வருவேன்.

ஒரு சனிக்கிழமை, மாமியார் நாகர்கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு தம்பதி பெட்டிகளோடு எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள்.

"கோயமுத்தூர்ல இருந்து வர்றோமுங்க. போன்ல சொல்லியிருந்தோமே."

என் கணவரின் சித்தப்பா குடும்பம் கோயம்புத்தூரில் இருப்பதாகக் கேள்வி, நான் பார்த்ததில்லை. யாரென்று கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று பயந்து, மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியோடு பரிமாறினேன். மகள் அந்தப் பெண்ணின் மடியில் ஏறி, அவர் தட்டிலிருந்தே தின்றாள்.

திரும்பி வந்த மாமியார் என்னை அடுக்களைக்கு இழுத்தார்.

"யாரு மக்களே இவிய?"

"உங்க கோயம்புத்தூர் சொந்தக்காரங்க இல்லியா மாமி?"

"எனக்கு இவியள இப்பந்தான் தெரியும், கேட்டியா!"

அதற்குள் அந்தக் கணவரின் குரல் கேட்டது: "ஏனுங்க, சாப்பாடும் வாடகையில சேர்ந்ததுங்களா? ரூம் எந்தப் பக்கமுங்க?"

சிரித்த சிரிப்பில் மாமியாருக்குப் புரையேறிவிட்டது. வாடகை வீடு பக்கத்து வீடுதான் என்று தெரிந்ததும் அந்தப் பெண் தட்டைக் கையால் மூடிக்கொண்டார். "தெரிஞ்சு போச்சுன்னு புடுங்கிறாதீங்க, மீனு அருமையா இருக்குதுங்க!" ஊர் திரும்பும்வரை அவர்கள் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.

அதன்பிறகு எந்தக் கார் வந்தாலும், மகள் மதிலோரக் கல்லில் ஏறி நின்று கூப்பிடுகிறாள்: "கிழங்கு திங்க வாறியளா?" பாதிப் பேர் வந்தும் விடுகிறார்கள். வீடு கலகலவென்று இருக்கிறது, எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் வருகிற எல்லாரும் அந்தப் பெண்ணைப் போலவே இருப்பார்களா? கேட்டைத் தாழிடுகிறேன், அவள் முகம் வாடியதும் திறக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஆள் மாறிக்கொண்டே இருக்கும் ஊர்களில் பிள்ளை வளர்க்கிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள்: அந்தக் குரலை அடக்கிவிடாமல், என்னைக் கேட்டுவிட்டுக் கூப்பிட அவளை எப்படிப் பழக்குவது?