பையன்கள் போட்ட ஓவர்கோட்

எங்கள் பள்ளியில் பெண்கள் மட்டும் சுடிதாருக்கு மேல் ஓவர்கோட் போட வேண்டும். கெட்டியான பாலியஸ்டர் துணி. திருமயத்து ஜூன் வெயிலில் காலைப் பிரேயர் முடிவதற்குள் முதுகு ஊறிப்போகும், கழுத்தோரம் வேர்க்குரு எரியும். கழற்றினால் டீச்சர் கேட்பது ஒன்றுதான்: "பசங்க படிக்க வேணாமா?" நாங்கள் வெந்தால்தான் அவர்களுக்குப் பாடம் ஏறும்போல.

பிளஸ் டூவில் ஒருநாள் நாங்கள் கோட் இல்லாமல் பிரேயருக்குப் போனோம். எங்கள் வகுப்புப் பையன்கள் எங்கள் கோட்டுகளை வாங்கிப் போட்டுக்கொண்டு பக்கத்து வரிசையில் நின்றார்கள். அவர்களாகவே சொன்ன யோசனை. தோள்பட்டை பிதுங்கியது, ஒருவனும் சிரிக்கவில்லை.

ஹெட்மாஸ்டர் பேச்சை நிறுத்திவிட்டு மேடையிலிருந்து இறங்கி அவர்களிடம் வந்தார்.

"அடிக்கிற வெயில்ல இதை ஏன்டா மாட்டிக்கிட்டு நிக்கிறீங்க? மயங்கி விழுந்தா யாரு பதில் சொல்றது? மொதல்ல கழட்டுங்க."

குரலில் நிஜமான அக்கறை இருந்தது.

"அதைத்தான் சார் நாங்களும் சொல்றோம்" என்றான் ஒரு பையன். அவர் காதில் வாங்கவில்லை. டீச்சரைப் பார்த்துத் தலையை அசைத்தார். டீச்சர் கோட்டுகளை வாங்கி வந்து எங்களிடம் நீட்டினார்.

"போட்டுக்கிட்டு கிளாசுக்குப் போங்க."

"நனைஞ்சிருக்கு டீச்சர்."

"போட்டா காஞ்சிரும்."

பையன்களின் பார்வை படக் கூடாது என்று தைத்த கோட், ஒரு பையனின் வியர்வையோடு என் முதுகில் ஒட்டிக்கொண்டது. டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் லட்சணமா இருக்கு" என்றார்.