எண்ணெயில் பார்க்காத முகம்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணன் நம்மை விட்டுப் போய் ஓராண்டு முடிகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் வேறு யாரிடமும் தள்ளிவிட வழியில்லை. எழுதும்போது அழுகை வரும், பார்த்து எழுது என்றார் என் கணவர். வரவில்லை. இந்த ஓராண்டில் எனக்கு எதுவும் சரியாக வரவில்லை.

அண்ணன் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு மேலே உள்ள எங்கள் ஊரில் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்து இறந்தபோது அவருக்கு இருபது வயது, எனக்கு எட்டு. சாமையும் மரவள்ளியும் போட்ட இரண்டு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு என்னை வளர்த்தார். உண்டு உறைவிடப் பள்ளியில் என்னைச் சேர்த்துவிட்டு, ஞாயிறு தவறாமல் அவித்த கிழங்கோடு வந்து நிற்பார். தோழிகள் சிரிப்பார்கள் என்று நான் வாங்க மாட்டேன். அவர் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து, அத்தனையையும் தானே தின்றுவிட்டுப் போவார். அதற்காக என்னிடம் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை.

பிறகு பழைய சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, மலையிலிருந்து கிழங்கு மூட்டைகளைக் கீழே இறக்கும் வேலையைப் பார்த்தார். அவர் எவ்வளவு மெதுவாக ஓட்டுவார் என்பது அந்த வண்டியில் ஏறிய எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் பந்தி முடிந்திருக்கும். வளைவில் ஆரன் அடிக்காமல் வருகிறவர்களைத் தலையை நீட்டித் திட்டுவார். மூட்டை ஏற்றும் நேரத்தில் வண்டியிலேயே குட்டித் தூக்கம் போடுவார். தூங்கும்போது வலது காதைப் பிடித்து இழுத்துக்கொண்டேதான் தூங்குவார். அந்தக் காது மற்றதைவிடக் கொஞ்சம் நீளம் என்று அண்ணி கேலி செய்வார். அவர்களுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருடம். பிள்ளை இல்லை.

என்னை எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்தார். என் கணவர் உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஓர் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கிறார். வளைகாப்பு முடித்து என்னை மலைக்கு அழைத்து வந்த நாளிலிருந்து அண்ணன் வீட்டில் என்னை ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்க விட்டதில்லை. சொன்ன தேதிக்குப் பத்து நாள் முன்பே, ஒரு காலையில் வலி வந்தது. வண்டியில் அப்போதுதான் கிழங்கு ஏற்றியிருந்தார்கள். எல்லா மூட்டையையும் ரோட்டோரம் உருட்டிவிட்டு என்னையும் அண்ணியையும் முன்னால் ஏற்றிக்கொண்டார். அன்று ஒருநாள்தான் அவர் வேகமாக ஓட்டி நான் பார்த்தேன். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் என் மகள் பிறந்தாள்.

இனி எழுதப் போவது இந்த மலரில் வர வேண்டியதுதானா என்று பலமுறை யோசித்தேன். எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். என் மகள் பிறந்தபோது தொப்புள்கொடி கழுத்தைச் சுற்றியிருந்தது. பிரசவ அறையில் செவிலியர் சொல்லி என் காதில் விழுந்தது. மாலை போட்டுப் பிறந்த பிள்ளையைத் தாய்மாமன் நேரே பார்க்கக் கூடாது, அவருக்கு ஆகாது என்பது நம் வழக்கம். பதினோராம் நாள் கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி, அதில் தெரியும் பிள்ளையின் முகத்தை மாமன் முதலில் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தூக்கலாம். எனக்கு இதெல்லாம் தெரியும். ஆனால் வெளியே அண்ணன் நிற்கிறார். பதினைந்து வருடமாக ஒரு பிள்ளையைத் தூக்கக் காத்திருக்கிறவரிடம், பதினொரு நாள் தள்ளி நில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. என்னை வார்டுக்குக் கொண்டுவந்தபோது பாப்பா அண்ணன் கையில் இருந்தாள்.

அதற்குப் பிறகு நாற்பத்தைந்து நாள் அண்ணன் அவளைக் கீழே இறக்கி நான் பார்க்கவில்லை. குளிக்க வெந்நீர் காய்ச்சுவதும், சாம்பிராணி போடுவதும், தூளி ஆட்டுவதும் அவர்தான். பால் கொடுக்கும் நேரத்தில்தான் பாப்பா என் கைக்கு வருவாள்.

ஒன்றரை மாதத் தடுப்பூசி போட்ட அன்று, எங்களை வீட்டில் விட்டுவிட்டு மூட்டை ஏற்றப் போனார். ஊசி போட்டதில் பாப்பாவுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூட்டைமேல் சாய்ந்துவிட்டார் என்று ஆள் வந்து சொன்னார்கள். கூட இருந்தவர்கள் அவர் வண்டியிலேயே அவரைக் கீழே கொண்டுபோனார்கள். கச்சிராயபாளையம் தாண்டவில்லை.

இழவு வீட்டில் பச்சைப் பிள்ளை இருக்கக் கூடாது என்று என்னையும் பாப்பாவையும் பக்கத்து வீட்டில் வைத்தார்கள். அண்ணனை எடுத்துப்போனதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வாயைத் திறக்கப் போனபோது பக்கத்து வீட்டு அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாதம்மா. நீ அழுதா பால் கெட்டுப்பூடும். புள்ளைக்கு ஆவாது."

அடக்கிக்கொண்டேன். அப்படியே அடங்கிவிட்டது.

இதயத்துக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றார் மருத்துவர். அதை நம்பினேன். நம்பிக்கொண்டே, நான் வாயை மூடிக்கொண்டிருந்ததால்தான் அண்ணன் போனார் என்றும் நம்பினேன். இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தன. சோறு வடிக்கும்போதும் இருந்தன.

காரியம் முடிந்ததும் கணவர் எங்களை எலவனாசூர்கோட்டைக்கு அழைத்து வந்தார். நான்காம் மாதம் பாப்பா குப்புற விழுந்தாள். ஏழாம் மாதம் தவழ்ந்தாள். பல் முளைத்தபோது மாமியார் கொழுக்கட்டை செய்து தெருவுக்கே கொடுத்தார். எல்லாம் எனக்கு யாரோ சொல்லிக் கேட்பதுபோல இருந்தது. ஒவ்வொன்றுக்கும் அண்ணிக்குப் போன் செய்து சொல்வேன். சரி என்பார், வைத்துவிடுவார். இரண்டு முறை கீழே வந்தார். பாப்பாவைத் தூக்கவில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அண்ணிக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது, என் பிள்ளைதான் அண்ணனைக் கொண்டுபோனாள் என்று நினைக்கிறார் என்று முடிவு செய்துகொண்டேன். நினைக்கட்டும், நியாயம்தானே என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பழி நாளைக்கு என் மகள் தலையில் ஏறுமே என்பதுதான் பயம்.

போன மாதம் இந்த நினைவு நாள் ஏற்பாட்டுக்காக மலைக்குப் போனேன். அண்ணி வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். பாப்பா பக்கத்தில் பாயில் தூங்கினாள். இதற்குமேல் தாங்காது என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணி, பாப்பா மாலை போட்டுக்கினு பொறந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். அண்ணன்கிட்ட சொல்லாம வுட்டுட்டேன்."

அண்ணி முறத்தை நிறுத்தவில்லை. "உங்க அண்ணனுக்கும் தெரியும்," என்றார்.

பாப்பாவை வெளியே எடுத்து வந்த செவிலியர், தாய்மாமன் யார் என்று கேட்டாராம். கொடி சுற்றிப் பிறந்திருக்கிறது, நீங்கள் அதெல்லாம் பார்ப்பீர்கள் என்றால் தள்ளிப் போங்கள் என்று நல்லதுக்குத்தான் சொன்னாராம். அண்ணி அண்ணன் சட்டையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவர் கையை நீட்டிவிட்டார்.

"எண்ணெயில பாக்கறதுக்கா சிஸ்டர் இத்தினி வருஷம் காத்துக்கினு இருந்தேன்? குடுங்க."

பிறகு அண்ணியிடம், தங்கச்சிக்குத் தெரிய வேண்டாம், பச்சை உடம்பு, பயந்துகொள்வாள் என்றாராம். நான் அவருக்கு மறைத்தேன். அவர் எனக்கு மறைத்தார். அதே வார்டில், ஒரே பிள்ளையை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டு.

அப்படியானால் ஏன் பாப்பாவைத் தூக்கவே இல்லை என்று கேட்டேன். அண்ணி பாயைக் காட்டினார். என் மகள் வலது காதைப் பிடித்து இழுத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தினமும் பார்க்கிறேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

"இத எப்பிடி நான் பாப்பேன், நீயே சொல்லு," என்றார் அண்ணி. முறத்தைக் கீழே வைத்துவிட்டு, ஓராண்டில் முதல் முறையாக அவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். அவள் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் வண்டியை அன்று ஓட்டிக்கொண்டு கீழே போனவருக்கும், என்னையும் பாப்பாவையும் பதினாறு நாள் வைத்துச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும், என் கணவருக்குக் கேட்டபோதெல்லாம் லீவு கொடுத்த ஓட்டல்காரருக்கும், ஈமக் காரியத்துக்கு ஓடியாடிய மலை மக்களுக்கும் எங்கள் நன்றி. பெயர் தெரியாத அந்தச் செவிலியருக்கு என் தனி நன்றி. பிள்ளையை அண்ணன் கையில் கொடுத்தது அவர்தான்.

வருடம் திரும்பட்டும் என்று தள்ளிவைத்திருந்த காதுகுத்து அடுத்த மாதம் எலவனாசூர்கோட்டையில் நடக்கும். தாய்மாமன் மடிக்கு யார் என்று சிலர் கேட்டீர்கள். திருக்கோவிலூர் பெரியப்பா மகனை உட்கார வைக்கலாம் என்றும் சொன்னீர்கள். பாப்பா அண்ணி மடியில்தான் உட்காருவாள். தாலி இழந்தவர் எப்படி உட்காரலாம் என்று கேட்கத் தோன்றுகிறவர்கள், கேட்காமல் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வேப்பிலை அரைத்துப் பூசி, பாப்பாவுக்குப் பால் மறக்கடித்துப் பத்து நாள் ஆகிறது. இனி நான் அழுதால் யாருக்கும் எதுவும் கெட்டுப்போகாது. அதற்கு அண்ணி வரட்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.