தாலி கட்டும் நேரத்தில் கேமராமேனைக் காணோம்

கல்யாண வீடியோ எடுக்கிறவனுக்கு ஊரெல்லாம் விசேஷம், ஆனால் எந்த விசேஷத்திலும் அவன் முகம் இருக்காது. போடியில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஒரு முகூர்த்தம் விடாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன். குடி இல்லை, சீட்டு இல்லை, பீடிகூட இல்லை. வீட்டில் நல்ல பிள்ளையாக இருந்து, அதனாலேயே யார் கண்ணிலும் படாமல் போன அன்பர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கெட்டுத் திருந்திப் பேர் வாங்கியவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

பெத்தவருக்கே இடமில்லை

இந்தத் தொழிலில் எதை விட்டாலும் தாலி கட்டுவதை மட்டும் விடக்கூடாது. பந்தியை விட்டுவிட்டால் இன்னொரு பந்தியை எடுத்துக்கொள்ளலாம். மாலையைக்கூட "இன்னொரு தடவை மாத்திக்கங்க" என்று கெஞ்சலாம். தாலியை மறுபடி கட்டச் சொன்னால் செருப்புதான் வரும்.

ராசிங்காபுரத்தில் ஒரு கல்யாணம். கெட்டிமேளம் கொட்டுகிற நேரம் பார்த்து ஒரு பெரிய மனிதர் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நட்டநடுவில் வந்து நின்றார். "அண்ணே, ஓரமா நில்லுங்க" என்று கத்தினேன். மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. தோளைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டுத் தாலி முடிச்சைப் படமெடுத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அவர் பெண்ணின் அப்பா. மனிதர் கோபப்படவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்:

"நான் பெத்த பொண்ணு கல்யாணத்த நானும் டிவியிலதான் பாக்கணுமாப்பா?"

கிட்டக்க, எட்டக்க

குரங்கணியில் காபித் தோட்டம் வைத்திருக்கிற ஒரு வீட்டுக் கல்யாணப் படத்தை முடித்துக் கொடுத்திருந்தேன். மறுநாளே பெண்ணின் அக்கா ஸ்டுடியோவுக்கு வந்துவிட்டார். தங்கச்சி முகத்துக்கு மட்டும் கேமரா கிட்டக்கப் போகிறதாம், தன்னைக் கண்டால் எட்டக்கப் போய்விடுகிறதாம். "அவங்கதானக்கா கல்யாணப் பொண்ணு" என்றேன் மெதுவாக. நீங்களாக இருந்தால் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அந்த அக்கா அடுத்துச் சொன்னது இது:

"என் கல்யாணப் படத்தயும் போட்டுப் பாரு தம்பி, அதுலயும் அவதான் முன்னாடி நிக்கிறா."

ஜீப்பில் கைதட்டல்

என் தம்பி பாண்டியைப் பற்றி இப்போது சொல்லிவிட வேண்டும். அவன் குடித்த குடியில் எங்கள் அம்மா பாதியாக இளைத்துவிட்டது. போன வருஷம் மதுரைப் பக்கம் ஒரு குடி மறக்க வைக்கிற இடத்தில் சேர்த்துவிட்டோம். திரும்பி வந்தான். அதற்குப் பிறகு தொடவில்லை. சந்தோஷம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவன் வந்த அன்றிலிருந்து சொந்தக்காரர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா தினமும் அவனுக்கு மட்டும் தனியாக மீன் வறுத்தது. பிறந்ததிலிருந்து குடிக்காத எனக்கு இதுவரை ஒருத்தரும் ஒரு வாழைப்பழம்கூட வாங்கி வந்ததில்லை. வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்?

வீட்டில் சும்மா இருக்க வேண்டாம் என்று அவனை என்னோடு வேலைக்குக் கூட்டிக்கொண்டேன். ஒரு தடவை பெண்ணையும் மாப்பிள்ளையையும் மலையில் வைத்து எடுப்பதற்காக ஜீப்பில் போடிமெட்டுக்குப் போனோம். மேலே போனதும் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் பாட்டிலைத் திறந்தார்கள். பாண்டிக்கும் நீட்டினார்கள். "வேணாம் மாப்ளே, விட்டுட்டேன்" என்றான். அவ்வளவுதான், ஜீப்பே கைதட்டியது. கல்யாணப் பெண்ணும் தட்டியது. அடுத்து என்னிடம் நீட்டினார்கள். "எனக்குப் பழக்கமில்ல" என்றேன். "சரிங்கண்ணே" என்று சொல்லிவிட்டு என் கையில் ஒரு மிக்சர் பொட்டலத்தைத் திணித்தார்கள். என் மூஞ்சி போன போக்கைக் கண்ணாடியில் பார்த்த டிரைவர் எனக்கு ஆறுதல் சொன்னார்:

"விட்டவனுக்குத்தாண்ணே பெரும, தொடாதவன் என்னத்தக் கிழிச்சான்?"

யார் அழைத்து வருவது?

எங்கள் தங்கச்சி வனிதாவுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணமேடைக்கு அழைத்து வருவது பெண்ணின் அண்ணன்தான். எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். எத்தனையோ கல்யாணத்தில் எவனெவனோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வருவதை எடுத்திருக்கிறேன். இந்த ஒரு தடவை நான் வருவேன் என்று பட்டு வேட்டிகூடத் தேய்த்து வைத்திருந்தேன். அப்பா இல்லாத வீட்டில் வனிதாவைப் படிக்க வைத்தவன் நான். பாண்டி அப்போது எந்தக் கடை வாசலில் கிடந்தான் என்பது போடிக்கே தெரியும்.

வனிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் மறுக்கவே முடியாதபடி கேட்டது:

"அண்ணே, நீ எடுத்தாத்தான் எனக்குப் புடிக்கும், நீ கேமராவப் புடிச்சுக்க, சின்னண்ணே மாப்ளையக் கூட்டியாரட்டும்."

காதில் விழுந்தது

முகூர்த்தத்தன்று பாண்டியின் சட்டைக்குள் குட்டி மைக்கை மாட்டிவிட்டவன் நான்தான். மாப்பிள்ளையை அழைத்து வரும்போது அவன் பேசுவதும் படத்தில் வேண்டும் என்று வனிதா கேட்டிருந்தது. என் காதில் ஹெட்போன். அவன் வாயைத் திறந்தால் எனக்குக் கேட்கும். அழகாகத்தான் அழைத்து வந்தான். அம்மா அழுதது. அத்தை அவனுக்குத் திருஷ்டி கழித்தது. என் முகம் எப்படி இருந்தது என்று யாரும் பார்க்கவில்லை, அதற்குத்தான் கேமரா இருக்கிறதே.

மாப்பிள்ளையை உட்கார வைத்துவிட்டு மைக்கோடேயே எங்கோ போய்விட்டான். ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தாலித் தட்டு எல்லாரிடமும் ஆசி வாங்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹெட்போனில் எங்கள் பெரியப்பா மகன்களின் குரல் கேட்டது. "தங்கச்சி கல்யாணம்டா, இன்னைக்கு ஒரு நாளு. கலர் சோடாவுல ஊத்தியிருக்கு, ஒருத்தனுக்கும் தெரியாது." பாண்டி டம்ளரை வாங்கிவிட்டான் போலிருந்தது. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் வந்தது.

அப்போது எனக்கு என்ன தோன்றியது என்பதை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். குடித்துத் தொலையேன்டா என்று தோன்றியது. இந்த மண்டபமே ஒரு தடவை பார்க்கட்டும், அந்த ஆப்பிளையெல்லாம் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். தட்டு திரும்பி மேடைக்கு வந்துவிட்டது. ஐயர் தாலியை எடுத்துவிட்டார். ஹெட்போனில் பாண்டி, மைக்கில் வாயை வைத்த மாதிரி, ரொம்ப மெதுவாகச் சொன்னான்:

"அண்ணே, கேக்குதா? வெரசா வாண்ணே, என்னால முடியல."

முடிச்சு இல்லாத படம்

கேமராவை ஸ்டாண்டில் அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். சமையல்கட்டுக்குப் பின்னால் காலி சிலிண்டர்களுக்குப் பக்கத்தில் நின்றான். கையில் டம்ளர். அதைக் கீழே வைக்கவும் முடியவில்லை, வாயில் வைக்கவும் முடியவில்லை. பாதி அவன் பட்டுச் சட்டையில் சிந்தியிருந்தது. விரல்களைப் பிரித்து டம்ளரை வாங்கிக் கீழே ஊற்றினேன். பெரியப்பா மகன்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. எங்கள் வீட்டின் ஒரே பெண்ணுக்குத் தாலி ஏறியபோது இரண்டு அண்ணன்களும் வெளியே நின்றோம். "யார்ட்டயும் சொல்லிறாதண்ணே" என்றான். சட்டையைக் கழுவிவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.

மறுவீட்டுக்கு வந்த அன்று எல்லாரும் உட்கார்ந்து படம் பார்த்தார்கள். தாலி கட்டுகிற நேரத்தில் திரையில் எங்கள் அத்தையின் தூக்கிய கையும் அட்சதையும்தான். கை இறங்கும்போது எல்லாம் முடிந்துபோயிருந்தது. போட்டோக்காரர் எடுத்த ஒரு போட்டோ இருக்கிறது, ஆனால் அசைகிற படத்தில் இல்லை. "சின்னவன் எம்புட்டுக் கட்டுப்பாடா இருந்தான். நீ எங்கடா போய்த் தொலஞ்ச?" என்று அத்தை கேட்டது. பாண்டி தலையைக் குனிந்துகொண்டான். மைக்கில் பதிவான சத்தம் கம்ப்யூட்டரில்தான் இருந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் போதும், வீடே கேட்டிருக்கும். விரல் அதன் மேலேயே இருந்தது. "டீ குடிக்கப் போயிருந்தேன்" என்றேன். வனிதா என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை:

"ஊருல எல்லாருக்கும் எடுத்துக் குடுத்துட்ட, எனக்கு மட்டும் இல்ல, என்னண்ணே?"

பாண்டி மேல் எனக்கு வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அத்தனை பேர் இருந்த மண்டபத்தில் அவன் கூப்பிட்டது என்னைத்தான் என்பதை ஊரில் ஒருத்தரிடமும் சொல்லிப் பீற்ற முடியவில்லையே என்பதுதான் இப்போது அதைவிடப் பெரிய எரிச்சல்.