கமலாவதியின் நாக்கு

கொடிகாமம் சந்தையில் கமலாவதி அக்காவிடம் ஏச்சு வாங்காதவன் இன்னும் பிறக்கவில்லை. கத்தரிக்காயை அமத்திப் பார்த்தால் ஏச்சு. பார்க்காமல் வாங்கினால் "கண் பொட்டையோ?" என்று அதற்கும் ஏச்சு. பக்கத்தில் வெங்காயம் விற்கிற எனக்குக் காலைச் சாப்பாடே அதுதான். வாய் நிறைய வெற்றிலையும் புகையிலையும் அதக்கிக்கொண்டு தெளிவாக ஏசுவா.

அந்த நாக்கில்தான் புற்றுநோய் வந்தது. சனியனுக்கு வேறு இடம் கிடைக்கவில்லை!

பாதி நாக்கை வெட்ட வேண்டும் என்றார்கள். கத்தி பட்டால் உடம்பெல்லாம் பரவிவிடும் என்று ஊர் ஓதியது. அக்கா அதையே சாட்டாகப் பிடித்துக்கொண்டா. சாவுக்கு அவ பயப்படவில்லை. ஏச முடியாமல் உயிரோடு கிடப்பதற்குத்தான் பயம். புருசன் முத்துக்குமாரு அண்ணைக்கு அழ மட்டும்தான் தெரிந்தது. நான்தான் இருவரையும் நாக்கை வெட்டவிருந்த டொக்டர் ஆரபியிடம் இழுத்துப்போனேன்.

"வெட்டாட்டிப் பரவாதெண்டு ஆர் சொன்னது, அம்மா? கத்தி படாமலே புற்றுநோயின்ரை உயிர்க்கலங்கள் கண்ணுக்குத் தெரியாத குட்டிப் பைகளை வெளியிலை விட்டுக்கொண்டே இருக்கும். அதுகள் இரத்தத்தோடை நுரையீரலுக்கோ எங்கையோ போய் இடத்தைத் தயார்படுத்தும். பிறகு கலங்கள் போய்க் குடியேறும்."

அக்கா யோசித்தா. "எங்கடை ஆக்கள் கனடாவுக்குப் போன மாதிரியோ? முதல் ஒருத்தன் போய் வீடு பாத்து வைக்க, பிறகு குடும்பமே போறது?"

"ஓம், அப்பிடித்தான்."

"என்ரை வாயிலை இருந்துகொண்டு, என்னட்டைக் கேக்காமல் பார்சல் அனுப்புறாரோ உவர்? மூதேவி! வெட்டுங்கோ!"

"பேச்சு முந்தின மாதிரி வராது, அம்மா."

"தெரியும். வெட்டுங்கோ."

சத்திரசிகிச்சை அறைக்குள் போகுமட்டும் தள்ளுவண்டிக்காரனை ஏசிக்கொண்டே போனா. எனக்கு அழுகை வந்துவிட்டது.

சில மாதம் கழித்துச் சந்தைக்குத் திரும்பினா. முதல் நாளே ஒரு தரகன் அவவின் சாக்குகளில் மோட்டார்சைக்கிளைச் சாத்தினான். அக்கா வாயைத் திறந்தா. கொழகொழவென்று ஏதோ வந்தது.

"என்னணை? விளங்கேல்லை," என்றான் அவன்.

மறுபடி முயன்றா. அதேதான் வந்தது. கண் கலங்கிவிட்டது. சந்தையே வேறு பக்கம் பார்த்தது.

துணைக்கு வந்து பின்னால் குந்தியிருந்த முத்துக்குமாரு அண்ணை எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார். "'நாயே, உன்ரை கொப்பன்ரை காணியோடா இது? எடடா சைக்கிளை!' எண்டு சொல்லுறா!" என்று கத்தினார். அந்த மனிசன் கத்தி நான் கேட்டதேயில்லை.

அக்கா அவரின் தோளில் தட்டி, இன்னும் ஏதோ சொன்னா. அண்ணை காதுவரை சிவந்தார். பிறகு அதையும் சத்தமாகச் சொன்னார்.