அண்ணனுக்கு வைத்த காதுப் பரீட்சை

ஆஸ்பத்திரியில் அவளைக் காதுக்காரம்மா என்பார்கள். வீட்டில் பாப்பா. ஐம்பத்திரண்டு வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவள் பாப்பாதான். நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

இருபத்தாறு வருஷமாகப் பாப்பாவுக்கு ஒரே வேலை. காது மூக்கு தொண்டைப் பிரிவின் கோடியில், சத்தம் புகாத சின்ன அறை ஒன்று. உள்ளே நோயாளி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கண்ணாடிக்கு வெளியே பாப்பா. அவள் 'பீப்' என்று ஒரு சத்தத்தை அனுப்புவாள். கேட்டால் அவர் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போய், எந்த இடத்தில் காது கைவிடுகிறது என்று தாளில் குறிப்பாள். நடுநடுவே ஒன்றுமே அனுப்பாமல் சும்மாவும் இருப்பாள். அப்போதும் பலர் பொத்தானை அமுக்குவார்கள். வாத்தியார் அமுக்குவார், வக்கீல் அமுக்குவார், ஒருமுறை ஒரு நீதிபதியே அமுக்கினார். யாரும் பொய் சொல்லவில்லை. வரும் வரும் என்று காத்திருக்கிற காதுக்கு வராததும் வந்த மாதிரி இருக்கும்.

வீட்டின் மாடியில் அண்ணன் குடும்பம், கீழே பாப்பா. அவள் கணவர் கப்பலில் என்ஜின் பார்ப்பவர். வருஷத்தில் பாதி நாள் கடலில் இருப்பார். அந்த நாட்களில் அவளுக்குச் சாப்பாடு, சண்டை, சமாதானம் எல்லாம் மாடியில்தான்.

அண்ணனுக்குக் கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை. நாள் முழுக்க ஊரார் கண்ணோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு, சாயங்காலம் காதுதான் உலகம். ஜன்னலோரம் ஒரு சாய்வு நாற்காலி, பூசணிக்காயைப் பிளந்து வைத்த மாதிரி பெரிய ஹெட்போன், பாட்டைப் பெருக்கி அதற்கு அனுப்பும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒன்று. இதே கிறுக்குப் பிடித்த ஏழெட்டுப் பேர் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். அதில் பெரிய குரல் ஒரு பல் டாக்டருடையது. பழைய காலத்து வால்வு வைத்த பெட்டியில் கேட்பதுதான் பாட்டு, மற்றதெல்லாம் இரைச்சல் என்பது அவர் கட்சி. அதனால் அவருக்குப் பெயரே வால்வு.

அண்ணன் புதுப்பெட்டி வாங்கியது அவர் பேச்சைக் கேட்டுத்தான். வந்த அன்றே கீழே இறங்கி வந்து பாப்பாவைக் கையோடு கூட்டிப்போனார்.

"கேட்டியா? பழைய பெட்டியில பாட்டு கம்பளி போர்த்திக்கிட்டு நின்னுச்சு. இது கம்பளியைத் தூக்கிப் போட்டுருச்சு."

பாப்பா மாட்டிப் பார்த்தாள். பிறகு பழைய பெட்டியிலும் கேட்டாள். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு அண்ணா."

"பீப் பீப்னு கேட்டுக் கேட்டு உன் காது மரத்துப் போச்சு."

வேறு யார் சொல்லியிருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அவள் தொழிலைத் தொட்டுவிட்டார். "சரி, எது எதுன்னு தெரியாம கேட்டுச் சொல்லு பாக்கலாம்" என்றாள்.

"சொல்லிட்டா?"

"காது மரத்துப் போச்சுன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை கூடம் பரீட்சை மண்டபமாக மாறியது. ஆஸ்பத்திரியில் கருவிகளைப் பழுது பார்ப்பவரிடம் சொல்லி, இரண்டு பெட்டிகளையும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஒரு ஸ்விட்சைச் செய்து வாங்கியிருந்தாள். பெட்டிகள் இரண்டும் ஒரு போர்வைக்குப் பின்னால். அங்கே அண்ணி. இருபது தடவை காசைச் சுண்டிப்போட்டு, பூ விழுந்தால் புதுசு, தலை விழுந்தால் பழசு என்று முன்கூட்டியே எழுதிய தாள் அண்ணி கையில். பாப்பாவுக்கே அதில் என்ன இருக்கிறதென்று தெரியாது. தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும்.

"தும்மக்கூடாது, இருமக்கூடாது, ஸ்விட்சை ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் தட்டிட்டுத்தான் நிறுத்தணும், இல்லேன்னா டக்குன்னு கேட்கிறதை வெச்சே சொல்லிடலாம்" என்றாள் பாப்பா.

"எனக்குக் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு சட்டம் போடலை" என்றார் அண்ணி போர்வைக்குப் பின்னாலிருந்து.

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் கேட்டு, "புதுசு", "பழசு", "பழசு" என்று சொல்லச் சொல்லப் பாப்பா எழுதிக்கொண்டாள். முடிந்ததும் இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இருபதுக்குப் பதினெட்டு சரி.

பாப்பா மறுபடி எண்ணினாள். பதினெட்டேதான். பந்தயப்படி எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அண்ணன் அதைக் குழுவில் போட்டு, காது பார்க்கும் நிபுணரே ஒப்புக்கொண்டார் என்று ஒரு வரியும் சேர்த்தார். ஒரு வாரத்துக்கு அவரைப் பிடிக்க முடியவில்லை. மாடிப்படியில் ஏறும்போதே விசில் கேட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை பாப்பாவின் கருவியைச் சரிபார்க்க ஒருவர் வருவார். ஹெட்போனிலிருந்து வரும் சத்தம் சொன்ன அளவில் வருகிறதா என்று ஒரு மீட்டரை வைத்து அளப்பார். அந்த வருஷம் அவர் வந்தது இந்தப் பரீட்சை முடிந்த வாரத்தில். மீட்டரின் முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்த பாப்பாவுக்குச் சுருக்கென்றது. இரண்டு பெட்டியும் ஒரே சத்தத்தில் பாடினவா என்று அவள் பார்க்கவே இல்லை. சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகுகளை ஒரே எண்ணில் வைத்ததோடு சரி. இத்தனை வருஷ அனுபவக்காரி, முதல் பாடத்தையே கோட்டை விட்டிருந்தாள்.

மீட்டரை ஒருநாள் இரவல் வாங்கி வந்து அளந்தாள். புதுப்பெட்டி ஒரு டெசிபல் கூடுதலாகப் பாடியது. ரொம்பக் கொஞ்சம். ஆனால் சத்தம் அந்த அளவு ஏறினால் மனுஷன் 'சத்தம் கூடுது' என்று சொல்ல மாட்டான். 'தெளிவா இருக்கு' என்பான்.

அண்ணனின் விசில் மாடியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இரண்டு நாள் அப்படியே விட்டாள். மூன்றாம் நாள் போய்ச் சொன்னாள்.

"தப்பு என்னோடது அண்ணா. இன்னொரு தடவை வைக்கலாமா?"

"வை. பதினெட்டுக்குப் பதிலா இருபது எடுத்துக் காட்டுறேன்."

இரண்டு பெட்டியையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, திருகு நகராமல் நாடா ஒட்டினாள். இந்தத் தடவை அண்ணன் அவசரப்படவில்லை. நெற்றியில் வேர்வை துளிர்த்தது. இருபதுக்குப் பதினொன்று. "இன்னொரு ரவுண்டு" என்றார். ஒன்பது.

போர்வைக்குப் பின்னாலிருந்து அண்ணி வெளியே வந்தார். அண்ணன் சொன்னார்: "கடையில நான் சில பேருக்கு ஒரே லென்ஸை ரெண்டு தடவை போட்டுக் காட்டுவேன் பாப்பா. ரெண்டாவதுதான் தெளிவா இருக்கும்பாங்க. உள்ளுக்குள்ள சிரிச்சுக்குவேன்." ஹெட்போனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

பத்து நாள் அது ஆணியிலேயே தொங்கியது. அண்ணன் சாயங்காலம் வந்து செய்தித்தாளைப் பிரித்து, ஒரே பக்கத்தை வெறித்துக்கொண்டிருந்தார். அண்ணி பாப்பாவை அடுக்களைக்குள் இழுத்துக் கேட்டார்.

"உண்மையைக் கண்டுபிடிச்சுட்டல்ல, இப்ப திருப்தியா?"

பாப்பாவுக்குக் குழந்தை கையிலிருந்து பலூனைப் பிடுங்கிய மாதிரி இருந்தது.

பதினோராம் நாள் அண்ணன் குழுவில் எழுதினார். சுற்றிவளைக்கவில்லை. முதல் பரீட்சை செல்லாது, சத்தம் சமமாக இல்லை, சமமாக வைத்ததும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, முன்பு எழுதிய பாராட்டையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று. வால்வு உடனே பதில் போட்டார்: பெட்டியில் குறையில்லை, உங்களுக்குத்தான் வயசாகிவிட்டது, தங்கையிடம் காதைக் காட்டுங்கள். நாலு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள்.

மறுநாள் பாப்பா அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிட்டாள். எழுந்து வந்தது அண்ணன். சீட்டு வாங்கி, வரிசையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து வந்திருந்தார்.

"வீட்டுல சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனே."

"எல்லாரும் மாதிரியே பாரு. சலுகை வேண்டாம்."

அறைக்குள் போய் உட்கார்ந்தார். பாப்பா மற்ற நோயாளிகளைச் சோதிக்கிற மாதிரியே அவரையும் சோதித்தாள். நடுவில் ஒன்றும் அனுப்பாமல் நெடுநேரம் சும்மா இருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் கண்ணை மூடி, தலையைக் கொஞ்சம் சாய்த்து, அந்த வெறுமையை அப்படி உன்னிப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டைவிரல் அசையவே இல்லை. ஒருமுறைகூட. நீதிபதியே அமுக்கின இடம் அது.

"அறுபது வயசுக்கு மேல உள்ளவங்கள்ல இப்படிக் காது நான் அதிகம் பாத்ததில்லை" என்று தாளை நீட்டினாள். "ரொம்பக் கீச்சுச் சத்தம் மட்டும் கொஞ்சம் குறையுது. அது எனக்கும்தான்."

"அப்ப காது நல்லா இருக்கு. பெட்டி ரெண்டும் ஒண்ணு."

"ஆமா."

"அதுதான் பாப்பா எனக்கும் தோணுச்சு. நேத்து ஹெட்போனை எடுத்துப் பழைய பெட்டியில சொருகினேன். பாட்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பாடுற அந்தம்மா மூச்சை இழுக்கிறது கேட்டுச்சு. பத்து வருஷமா இதுல கேட்டுட்டுத்தான் இருந்திருக்கேன். எங்கயும் போகலை."

அன்று இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்கு வந்தார்கள்.

வால்வு மூன்று வாரம் கழித்து ஹெட்போனைப் பெட்டியோடு இணைக்கும் கம்பிகளை ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். நீங்களும் பரீட்சை எழுதிக் காட்டுங்கள் என்று குழுவில் யாரோ சொல்லிவிட்டார்களாம். வெள்ளிக் கம்பிக்கும் சாதாக் கம்பிக்கும் வித்தியாசம் காட்டுகிறேன் என்று உட்கார்ந்தார். இருபதுக்குப் பத்து. "இன்னிக்கு எனக்கு ஜலதோஷம்" என்றார். அண்ணன் டீயை நீட்டினார். அடுத்த ஞாயிறும் வந்தார், ஜலதோஷம் இல்லாமல். எட்டு. அதற்கடுத்த ஞாயிறு இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்.

இப்போது அந்தக் கூடத்தில் ஞாயிறுதோறும் கூட்டம்தான். ஹெட்போன் மாறினால் எல்லோரும் இருபதுக்கு இருபது சொல்கிறார்கள். கண்ணாடிக்கடைக்காரர், பல் டாக்டர், யாரானாலும். கம்பி மாறினால் ஒருவராலும் சொல்ல முடிவதில்லை. அண்ணன் அதை அப்படியே குழுவில் எழுதுகிறார், கேலியில்லாமல். புதுப்பெட்டியை மட்டும் அவர் திருப்பிக் கொடுக்கவில்லை. ஏனென்று பாப்பா கேட்டதற்கு, "திருகைத் திருப்புறப்ப வழவழன்னு சுகமா இருக்கு. அதுக்குப் பரீட்சை வைக்காதே" என்றார். பாப்பாவும் திருப்பிப் பார்த்தாள். வழவழப்பாகத்தான் இருந்தது.