பேசாம நடந்த வரப்பு

கட்டுக்கதைன்னு நினைச்சா அது உங்க இஷ்டம். ஜெயபாரதி இன்னும் இருக்கா. அந்த வாடாமல்லி நிறச் சேலையும் இருக்கு. ஊர்ப் பேரை மட்டும் என்கிட்ட கேட்காதீங்க. தஞ்சாவூருக்குக் கிழக்கே, சுத்தியும் நெல் வயல், புனித சூசைமுத்து பிறந்த ஊர். அது போதும்.

ஜெயபாரதிக்கு ஒரே மகன் ராம்கி. வளைகுடாவுல கப்பல் வேலை. புயல்ல கப்பல் கவுந்து நாலு நாளாச்சு. மத்தவங்களை எல்லாம் மீட்டுட்டாங்க. இவனை மட்டும் காணல. பெத்த வயிறு சும்மா கிடக்குமா? காணாமப் போனவங்களை சூசைமுத்து கொண்டாந்து விட்டுடுவாருன்னு யாரோ சொல்ல, புருஷன் வைத்தியலிங்கத்தைக் கிளப்பிக்கிட்டு, அந்த வாடாமல்லி நிறச் சேலையோட கார்ல வந்து இறங்கிட்டா.

புனிதர் பிறந்த வீட்டு வாசல்ல மெழுகுவத்தி விக்கிற ராமாயிதான் முறையைச் சொன்னா.

"முதல்ல இந்த வீடு. அப்புறம் அவரு குளிச்ச கிணறு. கடைசியா வயல் நடுவுல கல்லறை. வேதத்தை விடலேன்னு அவரை வெட்டக் கூட்டிட்டுப் போனப்ப அவங்கம்மா வாயே திறக்காம நடந்தாங்களாம். அதனால பெத்தவதான் தனியாப் போவணும். கல்லறையைத் தொடற வரைக்கும் பேசக் கூடாது. யாரு கூப்பிட்டாலும் திரும்பக் கூடாது. திரும்பினா வேண்டுதல் போச்சும்மா."

வைத்தியலிங்கம் கார்லயே உட்கார்ந்துட்டாரு. ஜெயபாரதி அந்த வீட்டுக்குள்ள மெழுகுவத்தி ஏத்திட்டு நடந்தா.

உச்சி வெயில். கிணத்தடியில ஒரு ஈ காக்கா இல்ல. கால் கழுவ ஒரு வாளி தண்ணி இறைச்சா.

"அம்மா... தண்ணி..."

பின்னாலேருந்து. ராம்கி குரலேதான்.

புனிதரு சோதிக்கிறாருன்னு நினைச்சா. பல்லைக் கடிச்சிக்கிட்டு, வாளியை அப்படியே வச்சிட்டு வரப்புல ஏறினா.

சளக்... சளக்...

ஈரக்கால் சத்தம். வரப்போ காய்ஞ்சு வெடிச்சுக் கிடந்துச்சு. உப்பு வாடை வேற. கடல் எங்க, இந்த வயல் எங்க!

முந்தானையை யாரோ பிடிச்ச மாதிரி இருந்துச்சு. சின்னப் புள்ளையில ராம்கி வரப்புல நடக்கறப்ப அப்படித்தான் பிடிப்பான், நுனியை உள்ளங்கையில சுருட்டிக்கிட்டு.

"அம்மா... திரும்பும்மா..."

திரும்பினா மகன் போயிடுவான். திரும்பலேன்னா வந்துடுவான். அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். பாவி மக, சத்தம் வராம அழுதுக்கிட்டே நடந்தா.

கல்லறை கிட்ட வந்துருச்சு. பிடி விடல.

"முடியலம்மா..."

அவ முந்தானையை வெடுக்குன்னு இழுத்தா.

சர்ர்ர்...

அப்புறம் ஒரு சத்தமும் இல்ல.

கல்லறையைத் தொட்டா. திரும்பிப் பார்த்தா. வெறும் வரப்பு. முந்தானை நுனி கிழிஞ்சிருந்துச்சு. முள்ளு மாட்டியிருக்கும்னு தேடினா. அங்க ஒரு முள்ளுச் செடிகூட இல்ல.

திரும்பி வந்தவகிட்ட ராமாயி கேட்டா.

"தனியாப் போகச் சொன்னேனேம்மா. சொட்டச் சொட்ட நனைஞ்சு, முந்தானையைப் பிடிச்சிக்கிட்டே வந்துச்சே, அந்தத் தம்பி எங்க?"

அவ பதில் சொல்றதுக்குள்ள வைத்தியலிங்கம் போனும் கையுமா வந்தாரு.

"பாரதி... கிடைச்சுட்டானாம்."

"நான் திரும்பவே இல்லங்க! ஒரு தடவைகூடத் திரும்பல!"ன்னு அவ கத்தினா. சந்தோஷத்துல. அப்புறந்தான் அவரு முகத்தைப் பார்த்தா.

சவப்பெட்டி வீட்டுக்கு வந்தப்ப கூட வந்தவன் செழியன், ராம்கியோட கப்பல்ல வேலை பார்த்தவன். நாலு நாளும் ஒரு பலகையைப் பிடிச்சிக்கிட்டு உயிரோடதான் மிதந்திருக்கான் ராம்கி. குடிக்கத் தண்ணி இல்லாம. மீட்புப் படகு போனப்ப உடம்புல சூடுகூட அடங்கலையாம்.

"இந்த வலது கையை மட்டும் யாராலயும் பிரிக்க முடியலக்கா"ன்னான் செழியன்.

ஜெயபாரதி தொட்டதும் விரல் பிரிஞ்சுது.

உள்ளங்கையில சுருட்டின மாதிரி ஒரு துணித் துண்டு. வாடாமல்லி நிறம்.

இன்னிக்கும் யாரு துக்கம் கேட்க வந்தாலும் அவ ஒண்ணுதான் சொல்றா.

"பிடிச்சிக்கிட்டுத்தாங்க இருந்தான் என் புள்ள. பிடுங்கினது நான்தான்."