ஹனீபா காக்காவின் நல்ல போட்டோ

முகம் திருத்துகிற எங்கள் தொழிலில், முகத்துக்குச் சொந்தக்காரரைத் தவிர ஊரில் எல்லாரும் கருத்துச் சொல்வார்கள். ‘கொஞ்சம் எடிட்டிங் தெரியும்’ என்று வாய்தவறிச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு என் எரிச்சல் விளங்கும். சாய்ந்தமருதில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு ரிஸ்வான் என்றொரு பல்கலைக்கழக மாணவன் வந்தான். படிப்புக்காகக் குறும்படம் எடுக்கிறானாம். கதையில் வாப்பா, அதாவது தகப்பன், மௌத்தாகிவிட்டார். இறந்தவர் என்பதால் படத்தில் அவர் போட்டோவாக மட்டும் வருவார். அந்தப் போட்டோவுக்கான உடுப்பு, எடுப்பு, எடிட்டிங் எல்லாம் என் தலையில்.

ஆள் பிடித்தது

மௌத்தானவராக முகம் காட்ட ஒருவரும் சம்மதிக்கவில்லை. கடைசியில், ஊருக்கே அண்ணன் முறையான மீன் வியாபாரி ஹனீபா காக்காதான் ஒத்துக்கொண்டார். குவைத்தில் வேலை செய்யும் மகள் சபீனா மூன்று வருடமாக வாப்பாவின் நல்ல போட்டோ ஒன்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவரிடம் இருந்தது அடையாள அட்டைப் படம் மட்டும்.

வெள்ளைச் சேர்ட்டை நானே அயன் பண்ணி, கொலரை நிமிர்த்தி, தொப்பியைச் சரிசெய்து எடுத்தேன். சிரிக்கும்போது கண்ணோரம் விழுந்த சுருக்கம் அவ்வளவு அழகு. பார்த்துவிட்டுச் சொன்னார்: “வேலயெல்லாம் முடிச்சித் தாங்க தங்கச்சி, என்ட மகளுக்கு நானே அனுப்பணும்.”

வெள்ளையடிப்பு

ரிஸ்வானுக்குச் சுருக்கமும் பிடிக்கவில்லை, கறுப்பும் பிடிக்கவில்லை. பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, ‘இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்’ என்று வெள்ளையாக்க வைத்தான். கதையிலும் இவர் வெயிலில் மீன் விற்கிறவர்தானே என்றேன். கேட்டால்தானே! இரண்டு மணித்தியாலத்தில் திரையில் ஒரு புதுமாப்பிள்ளை நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் படத்தைத் தனியாகப் பத்திரப்படுத்தினேன். அவன் சொன்னான்: “கஷ்டப்பட்டவங்களும் படத்துல கொஞ்சம் வடிவா இரிக்கணும் ராத்தா.”

மாலை

மறுநாள் வந்து, போட்டோவுக்குப் பூமாலை போட வேண்டும், கீழே விளக்கு எரிய வேண்டும் என்றான். “எந்த முஸ்லிம் வீட்டிலடா மௌத்தானவருக்கு மாலை போட்டுப் பார்த்தாய்?” என்று கத்திவிட்டேன். மாலை இல்லாவிட்டால் மௌத்தானவர் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டான். “ஜனாஸா அறிவித்தலைக் காட்டு, நம் ஊரில் யார் மௌத்தானாலும் அதுதானே எல்லாருடைய போனுக்கும் வருகிறது!” என்றேன். அந்த நாக்கை இப்போதும் கடித்துக்கொள்கிறேன். என்னோடு வேலை செய்யும் காரைதீவுச் சுகந்தி சொன்னாள்: “நல்லவேளை அக்கா, எங்கட சைவ வீட்டு மாலைய அவருக்குப் போட்டிருந்தா ரெண்டு ஊரும் சேந்தெல்லே நம்மள அடிச்சிருக்கும்.”

அறிவித்தல்

அதையும் நானே செய்தேன். பெயர் கதையில் வரும் பெயர். படம் மட்டும், ரிஸ்வான்மீது இருந்த கோபத்தில், சுருக்கத்தோடு இருந்த அசல் படம். அவன் அதை எடுத்து ‘படத்துக்காக’ என்று ஒரு வார்த்தைகூடப் போடாமல் தன் வட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தான். ஒரு மணித்தியாலத்தில் ஊர் முழுக்கப் போய்விட்டது. பெயரை யார் வாசித்தார்கள்? முகம் தெரிந்த முகம். காக்கா மீன் பெட்டியோடு வீட்டுக்கு வந்தபோது முற்றத்தில் ஆட்கள் அழுதுகொண்டு நின்றார்கள். கபுறுக்குழி வெட்ட ஆள் வேண்டுமா என்று பள்ளிவாசலிலிருந்து கேட்டிருந்தார்களாம்.

அவர் நேராக என் கடைக்கு வந்தார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் எவ்வளவோ நல்லது. போனை நீட்டினார். மறுமுனையில் சபீனா. வாப்பாவின் குரலைக் கேட்ட பிறகும் அவளுக்கு அழுகை நிற்கவில்லை. எடுத்த அன்றே அந்தப் போட்டோவை அனுப்பாத என்மீதுதான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் சொன்னாள்: “மூணு வருஷமாக் கேட்ட போட்டோ, மௌத்தானாப் பொறகுதான் வந்திரிக்கி எண்டு நினைச்சன் ராத்தா.”

ரிஸ்வானின் படத்துக்கு நல்ல புள்ளி கிடைத்ததாம். மௌத்தானவர் தினமும் என் கடை வாசலில் நின்று பாரை மீன் வேண்டுமா என்று கேட்கிறார். ஊர் முகத்தையெல்லாம் திருத்துகிற நான்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நிற்கிறேன்.